விடுப்பு முடிகிறது, பால் முடிவதில்லை

தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,



இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று நீளும் தொழிற்பேட்டைகளில் வேலை பார்க்கும் இளம் தாய்மார்களுக்காக இந்த மடலை எழுதுகிறோம். கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு மறுபடியும் லைனில் வந்து நிற்கும் அந்த முதல் சில வாரங்கள்தான் எங்கள் கவலை. தொழிற்சாலைகளில் மகப்பேறு உரிமைகள் நடைமுறையில் இருக்கின்றனவா என்று பார்க்கும் பொறுப்பு உங்கள் ஆய்வாளர்களுடையது. அதனால்தான் மருத்துவத் துறைக்கும் சமூக நலத் துறைக்கும் எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறோம்.

இந்தியாவில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் பெண்களில் பத்தில் நான்கு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். கைப்பேசி, சார்ஜர், காருக்குள் ஓடும் வயர்க் கட்டு என்று விரல் நுனியின் வேகம் தேவைப்படும் வேலையெல்லாம் இந்த வட்டாரத்தில் பெண்களை நம்பியே நடக்கிறது. 2006-ல் நோக்கியா ஆலை ஓடத் தொடங்கியதிலிருந்து பதினெட்டும் இருபதுமாக வயதுள்ள பெண்கள் பஸ் பஸ்ஸாக இங்கே வந்து இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். வந்தவர்கள் அதே வயதில் நின்றுவிடுவதில்லை. கல்யாணம் ஆகிறது, பிள்ளை பிறக்கிறது. அதற்குப் பிறகும் அவர்கள் வேலையில் இருக்க வேண்டும் என்றால் தொழிற்சாலை என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்குச் சட்டத்தில் பாதிப் பதில் இருக்கிறது. மீதிப் பாதியை உங்கள் அலுவலகம் எழுத முடியும்.

முதலில் தாய்ப்பாலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் எழுதப்படும் எந்த விதியும் பெண்ணின் உடம்புக்குப் பொருந்தாது.

பிள்ளை பிறந்தால் பால் தானாக ஊறும் என்று நம்பித்தான் பெரும்பாலான பெண்கள் பிரசவத்துக்குப் போகிறார்கள். முதல் இரண்டு நாள் வருவது சில கரண்டிச் சீம்பால் மட்டுமே என்பதும், பால் நன்றாக இறங்க மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஆகும் என்பதும், ஆபரேஷன் செய்து எடுத்த பிரசவமானால் இன்னும் தள்ளிப்போகலாம் என்பதும் பலருக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் தெரியவருகிறது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் ஏறத்தாழ 45 விழுக்காடு சிசேரியன். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறும் மாநிலம் இது. அப்படியிருந்தும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் சுமார் 60 விழுக்காடு. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் குடிப்பவை சுமார் 55 விழுக்காடு.

மீதிக் குழந்தைகளுக்கு என்ன ஆகிறது என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்த கதை. குழந்தை அழுகிறது. "பால் பத்தலை போல" என்று கூடியிருப்பவர்களில் ஒருவர் சொல்கிறார். சேனை தொட்ட கையோடு சர்க்கரைத் தண்ணீரும், அதன் பின்னால் பவுடர் பாலும் வருகின்றன. வயிறு நிறைந்த குழந்தை தாயிடம் சப்புவது குறைகிறது. சப்புவது குறைந்தால் சுரப்பது குறைகிறது. பால் பத்தலை என்ற தீர்ப்பு இரண்டு வாரத்தில் உண்மையாகவே ஆகிவிடுகிறது. காம்பை மட்டும் கவ்வாமல் அதைச் சுற்றியுள்ள கருவளையத்தையும் சேர்த்துக் குழந்தை வாயில் வாங்க வேண்டும். இல்லையென்றால் காம்பு வெடித்து, ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு பால் கொடுக்க வேண்டியிருக்கும். இதைப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க ஆள் இல்லாத வீடுகளே அதிகம். பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் முருங்கைக் கீரையும் தட்டில் வருகின்றன. பச்சை உடம்புக்காரிக்கு அவை நல்ல உணவுதான். ஆனால் பாலை ஊற வைப்பது, இருக்கிற பால் வெளியேறுவது. மார்பு காலியாகக் காலியாகத்தான் மறுபடி நிறையும்.

இவ்வளவையும் தாண்டி, இரவும் பகலும் விழித்து, ஒரு பெண் பாலூட்டலைச் சீராக்கிக்கொள்ள இரண்டு மூன்று மாதம் பிடிக்கிறது. அது சீரான கொஞ்ச நாளில் விடுப்பு முடிகிறது.

26 வார விடுப்பு என்பதைக் கேட்டால் ஆறு மாதம் தாய்ப்பால் என்ற மருத்துவ அறிவுரைக்கு ஒத்துவருவதுபோலத் தெரியும். கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அந்த 26 வாரத்தில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். எட்டு மணி நேரம் நின்றபடி வேலை செய்யும் பெண் எட்டாம் மாதத்தில் விடுப்பு எடுக்காமல் என்ன செய்வார்? அப்படி எடுத்துவிட்டால் பிரசவத்துக்குப் பின் மிஞ்சுவது 18 வாரம். குழந்தைக்கு நான்கு மாதம் முடிந்து சில நாள் ஆகியிருக்கும்போது தாய் வேலைக்குத் திரும்ப வேண்டும். மூன்றாவது பிள்ளை என்றால் மொத்த விடுப்பே 12 வாரம். மாநில அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாத விடுப்பு தருகிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்று கிராமத்துச் செவிலியரை அனுப்பிச் சொல்லவைப்பதும் அதே அரசு. அந்தச் செவிலியர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தொழிற்சாலைத் தாய்க்கு அந்த ஆறு மாதம் கையில் இல்லை. விடுப்பை நீட்டுவது உங்கள் அதிகாரத்தில் இல்லை என்பது தெரியும். திரும்பி வந்த பின் நடப்பது உங்கள் அதிகாரத்துக்குட்பட்டது.

ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலை 6 மணி ஷிப்டுக்குச் செய்யாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருபவர் நாலு மணிக்கெல்லாம் நிறுத்தத்தில் நிற்க வேண்டும். கிளம்பும் முன் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு ஒரு தடவை பால் கொடுத்திருப்பார். 2 மணிக்கு ஷிப்ட் முடிந்து, கேட்டில் சோதனை முடிந்து, பஸ் நிறைந்து கிளம்பி, வீடு போய்ச் சேர நாலு மணி ஆகிவிடும். நடுவில் பன்னிரண்டு மணி நேரம். அங்கே குழந்தைக்கு நாலைந்து முறை பசித்திருக்கும். இங்கே தாய்க்கு நாலைந்து முறை பால் கட்டியிருக்கும்.

பால் கட்டுவது என்றால் என்னவென்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். மார்பு கல்லாகக் கனக்கும். அக்குள் வரை வலி இழுக்கும். கையைத் தூக்கி ஒரு பாகத்தைப் பொருத்துவதே பெரும்பாடாகும். பக்கத்து லைனில் யாரோ கைப்பேசியில் எடுத்த குழந்தைப் படத்தைப் பற்றிப் பேசினால்கூடப் பால் தானாகக் கசிந்து சீருடை நனையும். லைன் லீடர் பெரும்பாலும் ஆண். அவரிடம் போய் என்ன சொல்லி ரிலீவர் கேட்பது? தனியிடம் இல்லாத தொழிற்சாலையில் அந்தத் தாய்க்கு மிஞ்சுவது கழிவறை. அங்கே நின்றபடி பிழிந்து சாக்கடையில் விட வேண்டும். அதற்கும் நேரம் கிடைக்காவிட்டால் பால் தேங்கி, மார்பு சிவந்து, குளிர்காய்ச்சலில் போய் நிற்கும். அப்படியே விட்டால் சீழ் கோத்துக் கத்தி வைக்க வேண்டியும் வரலாம்.

காய்ச்சல் வராத பெண்ணுக்கும் இன்னொன்று நடக்கிறது. நிறைந்த மார்பு காலியாகாமல் நெடுநேரம் இருந்தால், சுரப்பை நிறுத்தும்படி உடம்பு தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும். பால் வற்றுவதற்காக மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவது நம் ஊர்களில் பழைய வழக்கம். குழந்தையைப் பறிகொடுத்த தாய்க்குச் செய்வது அது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அந்த வழக்கத்தை மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்து 1988-ல் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டார்கள். ஒரகடத்துத் தாய்க்குப் பூவும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். பன்னிரண்டு மணி நேரப் பிரிவு சில வாரம் தொடர்ந்தால் போதும். பிறகு வீட்டில், "உனக்குப் பால் இல்லை" என்ற பழைய தீர்ப்பு மறுபடி வரும்.

இப்போது சட்டத்துக்கு வருவோம்.

1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், வேலைக்குத் திரும்பும் தாய்க்குக் குழந்தையின் 15-ஆம் மாதம் வரை நாளொன்றுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை தந்தது. 2017-ன் திருத்தம் ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகத்தையும், நாளுக்கு நான்கு முறை தாய் அங்கே போய்வரும் உரிமையையும் சேர்த்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இவற்றைத் தொடர்கிறது. பார்த்தால் எல்லாம் இருக்கிறது.

ஆனால் இந்த உரிமைகள் எல்லாம் ஒரு நம்பிக்கையின் மேல் எழுப்பப்பட்டவை. தாய் நடந்து போகும் தொலைவில் குழந்தை இருக்கிறது என்ற நம்பிக்கை அது. சுரங்கங்களுக்கும் சர்க்கஸ்களுக்கும் என்று 1963-ல் மத்திய அரசு எழுதிய விதிகள் ஒவ்வோர் இடைவேளைக்கும் கால் மணி நேரம் கொடுத்து, காப்பகம் வரை போய்வர 5 முதல் 15 நிமிடம் தனியாகச் சேர்த்தன. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தின் பிள்ளைக் காம்பரா என்ற குழந்தைகள் காப்பகமும் அதே அமைப்புதான். கொழுந்து பறிக்கும் தாயும் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையும் ஒரே தோட்டத்துக்குள் இருந்தார்கள். கால் மணி நேரத்தில் செய்யாறு போய்த் திரும்ப முடியுமா?

சரி, குழந்தையைக் கூட்டிவந்து காப்பகத்தில் விடலாமே என்று கேட்கலாம். ஐந்து மாதக் குழந்தையை விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பி, நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு, ஷிப்ட் மாறும் வாரத்தில் நடுராத்திரியில் அதே பஸ்ஸில் திருப்பிக் கூட்டிப்போக எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஆகவே காப்பகம் வைத்திருக்கும் நிறுவனத்திலும் தொட்டில் காலியாகக் கிடக்க வழியுண்டு. ஆய்வுக்கு வரும் அதிகாரி அறையைப் பார்ப்பார், தொட்டிலைப் பார்ப்பார், பொம்மையைப் பார்ப்பார். யாரும் குழந்தையைக் கொண்டுவருவதில்லை என்று நிர்வாகம் சொல்லும். அதில் பொய் இருக்காது. விதியும் மீறப்பட்டிருக்காது. பால் மட்டும் வற்றியிருக்கும்.

இன்னொரு சந்தும் இருக்கிறது. பழைய மகப்பேறு நலச் சட்டத்தின் 2(2) பிரிவு, இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுச் சட்டம் பொருந்தும் தொழிற்சாலைகளுக்கு மகப்பேறு நலச் சட்டம் பொருந்தாது என்றது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் இ.எஸ்.ஐ.-க்குள் வருகிறார்கள். லைனில் நிற்கும் பெண்கள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள்தான். இ.எஸ்.ஐ. அவர்களுக்கு விடுப்புக் காலச் சம்பளத்தைத் தருகிறது. ஆனால் பாலூட்டும் இடைவேளை இன்சூரன்ஸ் கழகம் தரக்கூடிய பொருளா? அதைத் தொழிற்சாலைதான் தர வேண்டும். புதிய தொகுப்பின் கீழ் இ.எஸ்.ஐ. பெண்களுக்கும் இந்த இடைவேளை உண்டு என்பதை உங்கள் அலுவலகம் எழுத்தில் சொல்லிவிட்டால், எந்த மனிதவள மேலாளரும் இந்தச் சந்துக்குள் புக முடியாது.

தீர்வு மருத்துவத்தில் எளிது. குழந்தை அருகில் இல்லாத தாய், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பாலைக் கையாலோ பம்பாலோ எடுத்துவிட்டால் மார்பு கட்டாது, சுரப்பும் குறையாது. எடுத்த பால் 25 டிகிரிக்கு மேற்படாத அறையில் நான்கு மணி நேரமும், ஃபிரிட்ஜில் நான்கு நாளும் கெடாமல் இருக்கும். நம் சித்திரை வெயிலில் நான்கு மணி நேரக் கணக்கை நம்ப முடியாது என்பதால் ஃபிரிட்ஜும் பஸ் பயணத்துக்கு ஐஸ் பையும் அவசியம். மறுநாள் பாட்டி அதைப் பாலாடையிலோ சங்கிலோ ஊட்டிவிடுவார். புட்டி தேவையில்லை. நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் பாலாடையைப் பச்சிளங்குழந்தை மருத்துவர்களே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். தொழிற்சாலை தர வேண்டியது ஒரு சிறு அறை, உள்ளே தாழ்ப்பாள், நாற்காலி, தண்ணீர்க் குழாய், ஒரு பிளக் பாயின்ட், பெயர் ஒட்டிய பாட்டில்களை வைக்க ஃபிரிட்ஜ், லைனில் மாற்றி நிற்க ஒரு ரிலீவர். கைப்பேசியை உள்ளே விடாத மின்னணு ஆலைகளில் பால் எடுக்கும் பம்பைக் கேட்டில் தடுக்காமலிருக்க ஒரு அனுமதிச் சீட்டும் வேண்டும்.

சில நாடுகள் இதை ஏற்கெனவே செய்திருக்கின்றன. இலங்கையின் மகப்பேறு நன்மைகள் கட்டளைச் சட்டம் காப்பகம் உள்ள இடத்தில் அரை மணி நேரமாக இரண்டு இடைவேளையும், காப்பகம் இல்லாத இடத்தில் ஒரு மணி நேரமாக இரண்டு இடைவேளையும் தருகிறது. தொலைவு கூடினால் நேரமும் கூட வேண்டும் என்ற நியாயம் அதில் இருக்கிறது. மின்னணுத் தொழிற்சாலைகள் நிறைந்த பிலிப்பைன்ஸில் 2010-ல் கையெழுத்தான சட்டம் எட்டு மணி நேர வேலைக்குக் குறைந்தது 40 நிமிடத்தைச் சம்பளத்தோடு ஒதுக்கி, பால் எடுப்பதற்கும் அது செல்லும் என்று தெளிவாக எழுதியது. கழிவறையைப் பாலூட்டும் இடமாகக் காட்டக் கூடாது என்றும் சொன்னது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1919-லேயே தன் மூன்றாவது உடன்படிக்கையில் நாளுக்கு இரு அரை மணி நேரம் என்று வைத்தது. நூறாண்டு கழித்தும் நாம் கால் மணி நேரத்தைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நம் மாநிலத்துக்கும் இது புதிதல்ல. 2015 ஆகஸ்டில் 352 பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைத் திறந்த மாநிலம் தமிழ்நாடு. அவற்றில் பல பின்னாளில் பூட்டிக்கிடந்ததையும் செய்தித்தாள்கள் எழுதின. அறை கட்டுவது ஒரு வேலை, அதன் சாவிக்கு ஓர் ஆளைப் பொறுப்பாக்குவது இன்னொரு வேலை என்பதை அதிலிருந்து நாம் கற்றிருக்கிறோம். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் பொது இடங்களில் பாலூட்டும் அறைகள் வேண்டும் என்று வலியுறுத்தியது. பேருந்து நிலையத்தில் ஒரு தாய் ஒரு மணி நேரம் இருப்பார். தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் இருக்கிறார்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதமும் எங்களுக்குத் தெரியும். தாய்மார்களுக்குச் சலுகை கூடக் கூட, நிறுவனங்கள் திருமணமான பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்கும் என்பார்கள். அந்தப் பயம் வெறும் கற்பனை என்று ஒதுக்க முடியாது. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களுக்கு வேலை மறுக்கப்படுவதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. தாங்கள் பாகுபாடு காட்டுவதில்லை என்று நிறுவனம் மறுத்தது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது, தேசிய மனித உரிமைகள் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. இரண்டு மாதம் கழித்து, 2024 ஆகஸ்டில், வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை முதலமைச்சர் திறந்துவைத்தார். தொலைவில் இருந்து வரும் பெண்களுக்குப் படுக்கை வேண்டும் என்று யோசித்துச் செய்த நல்ல காரியம் அது. அங்கே தங்கும் பெண்களுக்கும் ஒரு நாள் குழந்தை பிறக்கும் என்பதையும் சேர்த்து யோசித்தால் திட்டம் முழுமையாகும்.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். 21,000 ரூபாய் வரம்புக்குள் இருக்கும் பெண்ணின் விடுப்புக் காலச் சம்பளம் இ.எஸ்.ஐ. நிதியிலிருந்து போகிறது, முதலாளியின் பையிலிருந்து போவதில்லை. பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு முப்பது பெண்களுக்கு மேல் இருந்தால் காப்பகம் என்றது. பெண்களின் எண்ணிக்கையை முப்பதுக்குள் நிறுத்திவைக்க நினைத்த நிறுவனத்துக்கு அது ஒரு காரணம் கொடுத்தது. இப்போதைய கணக்கு ஆணும் பெண்ணும் சேர்ந்து ஐம்பது. பெண்ணை எடுக்காமல் விட்டாலும் காப்பகப் பொறுப்பு குறையாது. பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுக் காப்பகம் நடத்தவும் புதிய சட்டம் வழி விடுகிறது. பாலூட்டும் அறைக்கு ஆகும் செலவை, பழகிய ஒரு தொழிலாளியை இழந்து புதியவருக்குப் பயிற்சி கொடுக்கும் செலவோடு நிறுவனங்களே ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

ஆகவே உங்களிடம் ஐந்து காரியங்களைக் கேட்கிறோம்.

முதலாவது, ஒரு சுற்றறிக்கை. பாலூட்டும் இடைவேளை என்பதில் பால் எடுப்பதும் அடங்கும் என்றும், இ.எஸ்.ஐ. பெண்களுக்கும் ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர்களுக்கும் அது உண்டு என்றும், அந்த நேரத்தை டார்கெட்டில் கழித்துக்கொள்ள வேண்டும் என்றும் அதில் எழுதுங்கள். குழந்தை வளாகத்துக்குள் இல்லாத தாய்க்கு ஒவ்வோர் இடைவேளையும் அரை மணி நேரமாவது இருக்க வேண்டும் என்று நிறுவனங்களுக்கு அறிவுறுத்துங்கள். விதியே மாற வேண்டுமானால் அரசுக்குப் பரிந்துரை அனுப்புங்கள்.

இரண்டாவது, ஆய்வு முறை. புதிய சட்டத் தொகுப்புகள் உங்கள் ஆய்வாளருக்கு வழிகாட்டி என்ற பொறுப்பையும் சேர்த்துக் கொடுத்திருக்கின்றன. காப்பக அறையை மட்டும் பார்க்காமல், கடந்த ஓராண்டில் பிரசவ விடுப்பிலிருந்து திரும்பிய பெண்கள் சிலரிடம் நிர்வாகத்தினர் இல்லாத இடத்தில் உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள். பெண் அதிகாரியாக இருந்தால் நல்லது. பகல் ஷிப்டில் மட்டும் போகாமல் இரண்டாவது ஷிப்டிலும் இரவு ஷிப்டிலும் போகட்டும். பால் எங்கே எடுக்கிறீர்கள் என்ற ஒரு கேள்வியில் பாதி உண்மை வெளியே வந்துவிடும்.

மூன்றாவது, காப்பகம் இருக்க வேண்டிய இடம். பணியிடத்திலோ தாயின் வீட்டுப் பக்கத்திலோ 500 மீட்டருக்குள் காப்பகம் அமையலாம் என்று 2018-ல் மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. கம்பெனி பஸ்கள் ஆள் ஏற்றும் ஊர்களின் பட்டியல் நிறுவனங்களிடம் இருக்கிறது. காஞ்சிபுரம், செய்யாறு, உத்திரமேரூர், அரக்கோணம் போன்ற ஊர்களில் எங்கே தாய்மார்கள் அதிகம் என்று பார்த்து, தொழிற்பேட்டைகளை நடத்தும் சிப்காட்டோடு சேர்ந்து பொதுக் காப்பகங்களை அங்கேயும் தொடங்க வழிசெய்யுங்கள். பேட்டைகளுக்குள் இயங்கும் காப்பகங்கள் எந்த ஷிப்ட் வரை திறந்திருக்கின்றன என்பதையும் வெளியிடுங்கள். மாலை ஆறு மணிக்குப் பூட்டும் காப்பகம் இரண்டாவது ஷிப்ட் தாய்க்கு உதவாது.

நான்காவது, ஷிப்ட். தொழிற்சாலைகளில் பெண்கள் இரவில் வேலை செய்யத் தடை விதித்த பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் நீக்கியது. விரும்பும் பெண்ணுக்கு வேலை மறுக்கக் கூடாது என்பதுதான் அந்த வழக்கின் நியாயம். அந்த நியாயம் பாலூட்டும் தாயைக் கட்டாயமாக இரவு ஷிப்டில் போடும் உரிமையாகத் திரிந்துவிடக் கூடாது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை அவர் கேட்டுக்கொண்டால் ஒரே ஷிப்டில் நிலையாக வைக்கவும், ஓவர்டைம் போடாமலிருக்கவும், வீட்டுக்கு அருகில் நின்று செல்லும் பஸ் தடத்தில் இடம் தரவும் வழிமுறை வகுத்துக் கொடுங்கள். கேட்டதற்காக அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போனால் அதை மகப்பேற்றுக்கான தண்டனையாகவே கருதி விசாரியுங்கள்.

ஐந்தாவது, எண்ணிக்கை. எத்தனை பெண்கள் மகப்பேறு விடுப்பு எடுத்தார்கள் என்று கேட்பதோடு நிறுத்தாமல், அவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், வந்தவர்களில் எத்தனை பேர் ஆறு மாதம் கழித்தும் வேலையில் இருக்கிறார்கள், காப்பகத்தில் சராசரியாக எத்தனை குழந்தைகள் இருந்தார்கள் என்பதையும் கேளுங்கள். நிறுவனப் பெயரோடு வேண்டாம் என்றால் தொழிற்பேட்டை வாரியாகவாவது ஆண்டுதோறும் வெளியிடுங்கள். விடுப்பு எடுத்துப் போனவர்கள் திரும்பி வராத பேட்டை எது என்று தெரிந்தால், உங்கள் ஆய்வாளரின் வண்டி முதலில் எங்கே போக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

இந்த மடலில் கேட்டவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஆகஸ்ட் முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரம். அரசு அலுவலகங்களிலும் தொழிற்சாலை வாசல்களிலும் தாய்ப்பாலின் மகத்துவத்தைச் சொல்லும் சுவரொட்டிகள் வழக்கம்போல ஒட்டப்படும். அதன் மகத்துவம் இந்தத் தாய்மார்களுக்குத் தெரியும். அவர்களுக்கு வேண்டியது நேரமும் இடமும். அந்த வாரம் தொடங்கும் முன் மேற்சொன்ன சுற்றறிக்கை வெளிவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். உங்கள் பதிலை, அது மறுப்பாகவே இருந்தாலும், இதே பக்கத்தில் முழுமையாக வெளியிடுவோம்.

இப்படிக்கு,
ஆசிரியர்